வாசலுக்கு எதைப் போடுவது? கல்முனைக் கரையில் மணல், கிறவல், தார், சீமெந்து

கல்முனைப் பக்கத்தில் வீடு கட்டுகின்றவர்களும், அங்கு பிறந்து இலண்டனிலோ டோஹாவிலோ இருந்துகொண்டு ஊரில் வீடு கட்டுவிக்கின்றவர்களும் அண்மைக்காலமாக ஒரே கேள்வியைக் கேட்கின்றனர். கடப்பிலிருந்து வீட்டுப் படி வரைக்கும் எதைப் போடலாம்? தாரா, கொங்கிறீட்டா, இன்டர்லொக் கல்லா? எது மலிவு, எது கனகாலம் நிற்கும்?

பொறியியலாளரிடம் கேட்க வேண்டியதைப் பத்திரிகைக்காரனிடம் ஏன் கேட்கின்றார்கள் என்று முதலில் நினைத்தேன். ஆனால் நின்று யோசித்தால், இந்தச் சிறிய கேள்விக்குள் நமது கரையின் நீண்டதொரு வரலாறு அடங்கிக் கிடக்கின்றது. அந்த வரலாற்றைப் பார்க்காமல் விலையை மட்டும் பார்த்தால் கணக்குப் பிழைத்துவிடும் என்பதே எனது கருத்து. எனவே முதலில் வரலாறு, பின்னர் கணக்கு.

மணல் வாசல்

பெரியநீலாவணையிலிருந்து மருதமுனை, நற்பிட்டிமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தெற்கு நோக்கி நீளும் நமது ஊர்கள், கிழக்கே கடலுக்கும் மேற்கே வயலுக்கும் இடைப்பட்ட ஒரு மணல் திட்டில் அமைந்தவை. குடியிருப்புப் பகுதியின் அகலம் பல இடங்களில் இரண்டு கிலோமீற்றரைக்கூட எட்டாது. இந்தத் திட்டில் எங்கு தோண்டினாலும் மணல். ஆகவே பழைய வளவுகளில் வாசலுக்கு எதைப் போடுவது என்ற கேள்வியே எழவில்லை. வாசல் என்றால் மணல்தான்.

அந்த மணலுக்கும் ஒரு பராமரிப்பு இருந்தது. விடியலில் ஈர்க்குமாற்றால் கூட்டுவார்கள். பெருநாள் வந்தாலோ, வீட்டில் கலியாணம் என்றாலோ, வண்டிலில் புது மணல் கொண்டுவந்து பழையதன் மேல் பரப்புவார்கள். செலவு வண்டிற் கூலி மட்டுமே. வெடிப்பும் இல்லை, பெயர்தலும் இல்லை. எத்தனை ஆண்டு நிற்கும் என்று கேட்டால், வீடு நிற்கும் வரை நிற்கும் என்பதே விடை.

இன்னொரு வேலையையும் அந்த மணல் யாருக்கும் தெரியாமல் செய்துகொண்டிருந்தது. கார்த்திகை, மார்கழி மாரியில் எவ்வளவு கொட்டினாலும் மழை நின்ற சிறிது நேரத்தில் வாசல் காய்ந்துவிடும். அந்த நீர் எங்கும் ஓடிவிடவில்லை, நேரே கீழே இறங்கியது. கடலோர மணலில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. பாரம் குறைந்த நன்னீர் மேலே, பாரம் கூடிய கடல்நீர் கீழே. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய அறிஞர்கள் கண்ட விதி. மறுபுறமாகச் சொன்னால், மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து நாற்பது அடி உவர் ஏறிவரும். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த வளவுக் கிணற்றிலும் நல்ல தண்ணீர் ஊறியதன் இரகசியம் இதுதான். வாசல் மணல் கிணற்றின் வாயாக இருந்தது.

வீதி வந்த கதை

வாசலுக்கு மணல் போதுமாக இருந்தது. வண்டி ஓடும் வீதிக்குத்தான் அது போதவில்லை. மணலில் சில்லு புதையும். பிரித்தானியர் 1848 இல் கொண்டுவந்த வீதிச் சட்டம், 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லையேல் மூன்று சிலிங் கட்ட வேண்டும் என்று விதித்தது. மலைநாட்டில் அவ்வாண்டு எழுந்த கிளர்ச்சிக்கு அக்காலத்துப் புதிய வரிகளுடன் இச்சட்டமும் ஒரு காரணமாயிற்று. இந்நாட்டு மக்கள் வீதிக்கு முதலில் கொடுத்த விலை காசு அல்ல, உடலுழைப்பு என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அந்நாளைய வீதி, ஸ்கொட்லாந்துக்காரரான மக்கடம் வகுத்த முறையில் அமைந்தது. உடைத்த கருங்கல்லை அடுக்கடுக்காகப் பரப்பி இறுக்குவது அவர் முறை. மேற்பரப்பை விட அடித்தளம் வரண்டிருப்பதே முக்கியம் என்பது அவர் வலியுறுத்திய பாடம். இதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் இன்றைய இன்டர்லொக் கல்லுக்கும் அதே பாடம்தான்.

நமது கரையில் உடைப்பதற்குக் கருங்கல் இல்லை. கிறவல் மண்ணும் இல்லை. இரண்டும் மேற்கே அம்பாறைப் பக்கத்து மேட்டு நிலங்களிலிருந்து வர வேண்டும். எனவே மணலைத் தவிர எதை வாசலுக்குப் போட்டாலும் அதன் விலையில் பெரும் பங்கு ஏற்றுக்கூலியாகவே இருந்தது, இன்றும் அப்படித்தான். வடக்கே மட்டக்களப்பு வாவியின் குறுக்கே கல்லடியில் 1924 இல் சீமாட்டி மனிங் பாலம் திறக்கப்பட்டதும் மட்டக்களப்பு நகருக்கும் கல்முனைக்கும் இடையே வண்டிப் போக்குவரத்து இலகுவாயிற்று. 1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்து உள்நாட்டில் பெரும் அணைக்கட்டு எழுந்தபோது, லொறிகளும் இயந்திரங்களும் இப்பிரதேசத்துக்குப் பழக்கமாயின. கிறவல் ஏற்றிய லொறி கரையோர ஊருக்குள் நுழைந்தது அதன் பின்விளைவுகளில் ஒன்று.

தார் பிரதான வீதியோடு நின்றுகொண்டது. தாரும் கல்லும் கலந்த வீதிக்கான உரிமத்தை எட்கர் ஹூலி என்பவர் இங்கிலாந்தில் பெற்றது 1902 இல். அது இலங்கையின் பெருந்தெருக்களை மூடப் பல பத்தாண்டுகள் பிடித்தன. நமது ஒழுங்கைகளோ நெடுங்காலம் மணலாகவே இருந்தன.

வளவு சுருங்கியது

வாசலை மாற்றியது வீதி மட்டுமல்ல, நமது கலியாண முறையும்தான். கிழக்குக் கரையில் முஸ்லிம்களாயினும் தமிழர்களாயினும் மகளுக்கு வீடு கொடுத்துக் கலியாணம் செய்து வைப்பதே வழக்கம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். வாப்பாவும் உம்மாவும் மூத்த மகளுக்கு இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு, வளவின் ஒரு பக்கத்தில் இன்னொரு வீட்டைக் கட்டி அடுத்த மகளோடு குடியேறுவார்கள். மூன்று பெண் பிள்ளைகள் இருந்தால் ஒரு வளவு மூன்றாகும். அடுத்த தலைமுறையில் அது ஒன்பதாகலாம். கடலுக்கும் வயலுக்கும் இடையில் நிலம் நீளவும் முடியாது, அகலவும் முடியாது. கல்முனை, சாய்ந்தமருதுக் கரை இலங்கையில் மிக நெருக்கமாக மக்கள் வாழும் பகுதிகளுள் ஒன்றாக ஆனதற்கு இதுவும் ஒரு முக்கிய காரணம்.

வளவு சுருங்கச் சுருங்க, விரிந்து கிடந்த மணல் வாசல் ஒரு நீண்ட சந்தாகிவிட்டது. பத்தடி அகலம், நாற்பதடி நீளம். அதன் வழியே பின்வீட்டுக்காரரும் போக வேண்டும். முதலில் சைக்கிள், பிறகு மோட்டார் சைக்கிள், அதன் பிறகு முச்சக்கர வண்டி, இறுதியாகக் கார் அதில் ஓடின. மணலில் இவை புதையும். வாசலுக்கு எதையாவது போட்டே ஆக வேண்டும் என்ற நிலை இப்படித்தான் வந்தது.

கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது சீமெந்து. காங்கேசன்துறைத் தொழிற்சாலை 1950 இல் உற்பத்தியைத் தொடங்கி, 1990 இல் போர் காரணமாக மூடப்படும் வரை இயங்கியது. 1978 நவம்பர் 23 சூறாவளி கிழக்கின் கிடுகுக் கூரைகளையும் ஓட்டுக் கூரைகளையும் அள்ளிச் சென்ற பின், சீமெந்தின் மீதான நம்பிக்கை மேலும் உறுதிப்பட்டதைக் கண்டவர்களில் நானும் ஒருவன். எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்றவர்கள் அனுப்பிய பணமும் சேர்ந்துகொண்டது. மணல் வாசல் ஏழ்மையின் அடையாளம், சீமெந்து வாசல் வசதியின் அடையாளம் என்ற எண்ணம் வேரூன்றியது இக்காலத்தில்தான்.

2005 இற்குப் பின்னர் மக நெகும முதலிய திட்டங்களின் கீழ் ஒழுங்கைகளுக்கும் கொங்கிறீட் வந்தது. சேறு, புழுதி இல்லாமற் போனது பெரிய நன்மை, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பழைய தளத்தைத் தோண்டாமல் அதன் மேலேயே புதியது போடப்பட்ட இடங்களில் ஒழுங்கை உயர்ந்து வளவு பள்ளமானது. முன்பு வாசலிலிருந்து ஒழுங்கைக்கு ஓடிய மழைநீர் இப்போது ஒழுங்கையிலிருந்து வாசலுக்கு ஓடுகின்றது. அதைத் தடுக்க வாசலை உயர்த்துகின்றார்கள். அடுத்த முறை வீதி மீண்டும் உயர்கின்றது. தமிழ்நாட்டிலும் இதே தொல்லை. பழைய தளத்தைச் சுரண்டி எடுக்காமல் புதிய தளம் போடக் கூடாது என்று 2021 இல் அம்மாநிலத் தலைமைச் செயலாளர் அறிவுறுத்த வேண்டியிருந்தது.

இனிக் கணக்கு

பத்தடிக்கு நாற்பதடி, அதாவது 400 சதுர அடி வாசல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ரூபாய்க் கணக்கு மாதத்துக்கு மாதம் மாறுவதால், பொருளின் அளவைச் சொல்வதே நியாயமாகும்.

கிறவல்: ஆறு அங்குலத் தடிப்புக்கு 200 கன அடி, அதாவது இரண்டு கியூப் வேண்டும். இறுக்கினால் அமுங்கும் என்பதால் இரண்டரை கியூப் எடுப்பது நல்லது. ஆரம்பச் செலவு இதில்தான் மிகக் குறைவு. ஆனால் ஓரிரு மாரியில் கரைந்து பள்ளம் விழும், கோடையில் புழுதி எழும், புல்லும் முளைக்கும். அடிக்கடி மேல்மண் போட வேண்டும். பத்தாண்டுச் செலவைக் கூட்டிப் பார்த்தால் மலிவு மறைந்துவிடும்.

தார்: நல்ல அடித்தளத்தில், உருளை இயந்திரம் ஓட்டி இறுக்கிப் போட்டால் 15 ஆண்டுகளுக்குக் குறையாமல் நிற்கக்கூடியது. ஆனால் பத்தடிச் சந்துக்குள் உருளை இயந்திரம் எப்படி நுழையும்? கையால் கொட்டிப் பரப்பிய தார் ஓரங்களில் உதிரும். கீழே தளர்ந்த மணல் இருந்தால் சில்லுத் தடத்தில் அமுங்கும். சித்திரை வெயிலில் இளகும். வீதிக்கு ஏற்ற பொருள் வாசலுக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கொங்கிறீட்: நான்கு அங்குலத் தடிப்புக்கு ஏறத்தாழ 133 கன அடிக் கலவை. ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு என்ற வழமையான கலவையில் 24 பை சீமெந்து செல்லும். 2021 தொடக்கத்தில் ஏறக்குறைய ஆயிரம் ரூபாயாக இருந்த 50 கிலோப் பை, 2022 பொருளாதார நெருக்கடியில் 2,500 ரூபாயையும் தாண்டியது. சீமெந்துச் செலவு மட்டும் 24,000 ரூபாயிலிருந்து 60,000 ரூபாய்க்கு ஏறியது என்பது இதன் பொருள். முறையாகப் போட்டால் 25, 30 ஆண்டு உழைக்கும். முறை என்றால், பத்தடிக்கு ஒரு வெட்டு விட வேண்டும், ஒரு வாரமாவது நீர் ஊற்றிப் பதப்படுத்த வேண்டும், உப்புள்ள கடல் மணலைக் கலவையில் சேர்க்கவே கூடாது. உள்ளே கம்பி வலை போட்டால் உப்புக் காற்றில் அது துருப்பிடித்து வீங்கி, மேலே உள்ளதைப் பிளந்துவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும். இன்னொரு குறையும் உண்டு. பின்னாளில் குழாய் புதைக்கவோ மலக்குழி திறக்கவோ உடைத்தால், ஒட்டுப் போட்ட தழும்பு மாறாது.

இன்டர்லொக் கல்: கார் ஓடும் வாசலுக்கு 80 மில்லிமீற்றர் தடிப்பு வேண்டும், நடைபாதைக்கு 60 போதும். வழமையான செவ்வகக் கல் ஒரு சதுர மீற்றருக்கு 50 செல்லும், நமது வாசலுக்கு ஏறத்தாழ 1,850 கற்கள். கம்பி இல்லை, எனவே துருவும் இல்லை. தோண்ட வேண்டுமென்றால் கழற்றித் திரும்பவும் அடுக்கலாம். ஆரம்பச் செலவு கொங்கிறீட்டுக்கு அருகிலோ, ஏற்றுக்கூலியைப் பொறுத்துச் சற்று மேலோ வரும். ஆயுள் கல்லில் இல்லை, ஓரத்தில் இருக்கின்றது. ஓரக் கட்டு இல்லாமல் போட்ட கல் ஒவ்வொரு மாரிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விலகும், அடிமணல் கழுவப்படும், ஐந்தாறு ஆண்டில் அலை போல வளையும். மக்கடம் சொன்ன பாடம் இதுவே.

இவற்றில் எந்தக் கணக்கிலும் வராத ஒரு செலவு உண்டு. நமது கரையில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,500 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. 400 சதுர அடி வாசலில் அது 55,000 லீற்றர் நீர். மணல் வாசலில் அதன் பெரும் பகுதி கீழே இறங்கியது. கொங்கிறீட் வாசலில் அது அயலவர் வளவுக்கோ ஒழுங்கைக்கோ ஓடுகின்றது. ஓர் ஊரில் இப்படிப் பத்தாயிரம் வாசல்கள் மூடப்பட்டால் 55 கோடி லீற்றர். அவ்வளவும் கிணற்றுக்குக் குறைந்து வெள்ளத்துக்குக் கூடும்.

2004 சொன்ன பாடம்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் அதுவே. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கடலோரமாக நடந்தால், சுவரும் கூரையும் போய், அத்திவாரமும் சீமெந்துத் தரையும் மட்டும் வெயிலில் கிடந்ததைப் பலர் கண்டிருப்பர். நின்றுபிடிப்பது எது என்ற கேள்விக்கு அதுவும் ஒரு விடைதான். தரை நின்றது, அதில் குடியிருந்தவர்கள் இல்லை.

அந்நாட்களில் இன்னொன்றும் நடந்தது. கடலோரக் கிணறுகள் யாவும் உவர்த்துப் போயின. நீரை இறைத்துச் சுத்தம் செய்தும் உவர்ப்பு உடனே போகவில்லை, அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து மேலும் உவர் ஏறும் ஆபத்து இருந்தது. இறுதியில் கிணறுகளை மெல்ல மெல்ல மீட்டது மழை. அடுத்தடுத்த மாரிகளில் மணலூடாக இறங்கிய நன்னீர் உவரைக் கீழே தள்ளியது. மணல் திறந்திருந்ததால்தான் அது முடிந்தது. நமது வாசல்கள் அன்றே முழுவதும் மூடப்பட்டிருந்தால் அந்த மீட்சி எவ்வளவு காலம் தாமதித்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இப்போது குழாய் நீர் வருகின்றது, கிணற்று நீரை யார் குடிக்கின்றார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. நெருங்கிய வளவுகளில் மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடைவெளி போதாது என்பதும் உண்மை. ஆனால் குழாய் நின்றுபோகும் நாளில் குளிக்கவும் கழுவவும் கிணற்றைத்தான் நாடுகின்றோம். அத்துடன், 2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் கிழக்கை மூழ்கடித்த வெள்ளங்களைக் கண்டவர்கள், மழைநீருக்குப் போக இடம் வேண்டும் என்பதை மறுக்கமாட்டார்கள்.

மணல் நாட்டார் செய்தது

இன்டர்லொக் கல்லின் பிறப்பிடம் நமக்குப் பொருத்தமான ஓர் உவமை. இரண்டாம் உலகப் போரில் சிதைந்த நெதர்லாந்தில் வீதிக்கான செங்கல் தட்டுப்பட்டபோது, அதற்கு ஈடாகக் கொங்கிறீட் கல்லை வார்த்தார்கள். றொட்டர்டாம் போன்ற நகரங்களில் அது பரவியது. பின்னர் 1960களில் ஜேர்மனியர் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் வடிவத்தை அதற்குக் கொடுத்தனர். கடலுக்கு அருகே, தளர்ந்த மண்ணில், தளம் அமுங்கினால் கழற்றி மீண்டும் அடுக்கலாம் என்ற வசதிக்காகவே ஒல்லாந்தர் அதை விரும்பினர்.

அதே நெதர்லாந்தில் 2020 இல் றொட்டர்டாம் நகரமும் அம்ஸ்டர்டாம் நகரமும் ஒரு விசித்திரமான போட்டியில் இறங்கின. வீட்டுத் தோட்டங்களில் பதித்த கற்களை எந்த ஊர் கூடுதலாகப் பெயர்த்தெடுக்கின்றது என்பதே போட்டி! மறு ஆண்டு அது தேசியப் போட்டியாயிற்று. இங்கிலாந்திலோ 2007 வெள்ளத்துக்குப் பின்னர், 2008 ஒக்டோபர் முதல், வீட்டின் முன்புறத்தில் ஐந்து சதுர மீற்றருக்கு மேல் நீர் இறங்காத தளம் போடுவதாயின், மழைநீர் தோட்டத்துக்குள் வடியாவிட்டால், அனுமதி பெற வேண்டும் என்று விதிக்கப்பட்டது. இலண்டனில் இருந்துகொண்டு ஊரில் முழு வாசலுக்கும் கொங்கிறீட் போடச் சொல்லும் நமது உறவினர்கள், தாம் குடியிருக்கும் வீட்டின் முன்னால் அதை அப்படியே செய்துவிட முடியாது என்பது கவனிக்கத்தக்கது.

என்னதான் செய்யலாம்?

பழைய மணலுக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்லவில்லை. நடக்க இயலாத மூத்தம்மாவின் சக்கர நாற்காலி மணலில் ஓடாது. மழை இரவில் நோயாளியை ஏற்ற முச்சக்கர வண்டி வாசல் வரை வர வேண்டும். உறுதியான தரை தேவைதான். முழு வாசலும் உறுதியாக இருக்க வேண்டுமா என்பதே கேள்வி.

சில்லு ஓடும் தடத்துக்கு மட்டும் இரண்டடி அகலத்தில் இரு கொங்கிறீட் பட்டிகள் போட்டால் 160 சதுர அடி போதும். 24 பை சீமெந்து 10 பையாகக் குறையும். நடுவிலும் ஓரத்திலும் மணல் அப்படியே இருக்கும். சக்கர நாற்காலி ஓட வேண்டிய வீடாயின் ஒரு பட்டியைச் சற்று அகலமாக்கலாம். பட்டி அழகில்லை என்பவர்கள் இன்டர்லொக் கல் போடலாம். ஆனால் இருபுறமும் ஓரக் கட்டு வேண்டும், கீழே மணல் படுக்கை வேண்டும், கற்களின் இடைவெளியைச் சீமெந்தால் அடைக்கக் கூடாது. சாய்ந்தமருதுக்கு மேற்கே கரைவாகு வயற்பகுதியில் நிலம் நிரப்பிக் குடியேறியவர்களுக்கு இக்கணக்கு மாறும். அங்கு கீழே இருப்பது மணல் அல்ல, களியும் கிறவலும். நீர் இலகுவில் இறங்காது என்பதால் வடிகாலுக்கு முதலில் வழி பார்த்த பிறகே மேலே எதையும் போட வேண்டும்.

எதைப் போட்டாலும், கிணற்றடியைச் சூழ்ந்த வாசலையாவது திறந்து விடுங்கள். நமது மூத்தோர் காசு இல்லாததால் மட்டும் மணலை வைத்திருக்கவில்லை. அந்த வாசலில் பெய்த மழை அவர்களுடைய கிணற்றுக்குள்தான் இறங்கியது. நாம் 30 ஆண்டு நிற்கும் தளத்தைத் தேடுகின்றோம். அதன் கீழே உள்ள நன்னீர் அதைவிட நெடுங்காலம் நிற்க வேண்டியது.